மதுக்கடையும் சிறாரும்: நெய்வேலி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

மது விற்கும் இடத்துக்குள் குழந்தைகள் வரலாமா என்பது பல நாடுகளில் இன்னும் தீராத வழக்கு. ஜெர்மனியின் பவேரியப் பகுதியில் பீர்த் தோட்டங்களில் பெற்றோர் மேசையில் அமர்ந்திருக்க, பிள்ளைகள் அருகிலேயே விளையாடுவது வழக்கமான காட்சி. பிரிட்டனிலோ 1908ஆம் ஆண்டின் சிறார் சட்டம் பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டோரை மதுக்கூடத்திலிருந்து வெளியேற்றியது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு வந்த 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டம், பெரியவர் துணையோடு வரும் சிறாருக்கு அந்தக் கதவைப் பெரிதும் திறந்துவிட்டது.

தமிழ்நாட்டில் கேள்வி இந்த வடிவில் எழவில்லை. குடும்பத்தோடு போய் உட்காரும் இடமாக மதுக்கடை இங்கே ஒருபோதும் கருதப்பட்டதில்லை. அதனால் ‘குழந்தை உள்ளே வரலாமா’ என்று கேட்காமல், ‘கடைக்கும் பள்ளிக்கும் இடையே எத்தனை மீட்டர்’ என்று கேட்டார்கள். இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதைப் பார்க்க நெய்வேலி நல்ல இடம். மதுக்கடையே இல்லாத ஒரு மாநிலத்தில் வரையப்பட்டு எழுந்த நகரம் அது.

சுண்ணாம்பு போட்ட கோடு

பனையின் பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் அதே சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். மரமும் ஒன்று, ஏறுபவரும் ஒருவர். பதநீரைக் குழந்தைக்குக் கொடுப்பார்கள், கள்ளைப் பெரியவர்கள் குடிப்பார்கள். தென்னார்க்காட்டுச் சிற்றூர்களில் சிறாரையும் மதுவையும் நெடுங்காலம் பிரித்தது சுவரோ வயது வரம்போ அல்ல, இந்தச் சுண்ணாம்புதான் என்று சொன்னால் மிகையாகாது.

கடை என்பதும் பழையதே. கள் விற்கும் இடத்தில் கொடி பறந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. ஆனால் பெரும்பாணாற்றுப்படை சொல்லும் ‘தோப்பி’, வீட்டிலேயே நெல்லிலிருந்து ஆக்கிய மது. வீட்டுக்குள் மது ஆக்கப்பட்ட காலத்தில் குழந்தை அதைப் பார்க்காமல் வளர்ந்திருக்க முடியாது. குடியைக் குடும்பத்தின் கண்ணால் அளந்து கண்டிக்கும் குரல் திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் கேட்கிறது. அங்கே குடித்தவனைப் பார்த்து முகம் சுளிப்பவள் தாய். பிற்காலத்தில் அவளுடைய இடத்தைக் குழந்தை எடுத்துக்கொண்டது.

ஏலக் கடையும் தூக்குச் செம்பும்

1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்துக்குப் பிறகு மது முழுக்க வருவாய்த்துறையின் பொருளாயிற்று. மரத்துக்கு வரி விதிக்கப்பட்டது. கடைகள் ஆண்டுதோறும் ஏலம் போயின. சாராயத்தை ஊருக்கு ஊர் காய்ச்சுவது குறைந்து, பெரிய வடிப்பாலைகளிலிருந்து கொண்டுவந்து விற்பது வழக்கமாயிற்று. இன்றைய கடலூர் மாவட்டத்து நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தார் நடத்திய சர்க்கரை ஆலை, வடிப்பாலை இரண்டும் அந்தக் காலத்தவை. கரும்பு விளைந்த வட்டாரத்தில் சர்க்கரையும் சாராயமும் ஒரே வளாகத்தில் பிறந்தன.

ஏலம் எடுத்தவருக்குக் கட்டிய பணத்தைத் திருப்பி எடுக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. அதனால் யார் வாங்க வருகிறார் என்று பார்த்து விற்கும் பழக்கம் அவரிடம் எதிர்பார்க்கக் கூடியதல்ல. அப்பாவுக்காகத் தூக்குச் செம்போடு கள்ளுக்கடைக்குப் போன பிள்ளைகள் ஊர்தோறும் இருந்தார்கள். இது தமிழகத்துக்கு மட்டுமான வழக்கமும் அல்ல. இங்கிலாந்தின் தொழில் நகரங்களிலும் பிள்ளைகள் குவளையோடு பீர் வாங்கப் போனார்கள். வழியில் ஒரு வாய் குடித்துப் பார்க்கிறார்கள் என்ற கவலையால், பதினான்கு வயதுக்குட்பட்டோரிடம் முத்திரையிட்ட கலத்தில் மட்டுமே மது கொடுக்கலாம் என்று 1901இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. மூடியும் முத்திரையும் பீப்பாய் பீருக்குப் பொருந்தும். மரத்திலிருந்து இறங்கி மாலைக்குள் விற்றுத் தீர வேண்டிய கள்ளுக்கு எந்த முத்திரையைப் போடுவது?

மறியல், ‘விமோசனம்’, விற்பனை வரி

இந்தியாவில் மது எதிர்ப்பு ஓர் அரசியல் இயக்கமாக எழுந்தது ஒத்துழையாமைக் காலத்தில். 1921இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னணியில் நின்றனர். பெரியார் தமது தோப்பிலிருந்த தென்னை மரங்களையே வெட்டச் செய்தார். கடையின் வாசலில் பெண்கள் வந்து நின்றது அந்த மறியலின் புதுமை. அதுவரை வீட்டுக்குள் இருந்த வழக்கு தெருவுக்கு வந்தது.

ராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த காந்தி ஆசிரமத்திலிருந்து 1929இல் ‘விமோசனம்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். மதுவிலக்குக்காகவே நடந்த இதழ் அது. கல்கி அதில் பணியாற்றினார். கதை, பாட்டு, படம் என எல்லாம் ஒரே இலக்கை நோக்கி இருந்தன. குடிப்பவனின் உடல்நலத்தைவிட அவன் வீட்டின் அடுப்பைப் பேசியதால்தான் அந்தப் பிரசாரம் ஊருக்குள் இறங்கியது.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. இழந்த ஆப்காரி வருவாயை ஈடுகட்டவே 1939இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு வந்தும் போயும் இருந்த மாநிலத்தில் அந்த வரி மட்டும் போகவே இல்லை. போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டு, விடுதலைக்கு முந்திய ஆண்டில் மீண்டும் தொடங்கி, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் நடப்புக்கு வந்தது.

இதே காலத்தில் கடல் கடந்த தமிழர்களிடமும் கள்ளுக்கடையும் குழந்தையும் சேர்த்தே பேசப்பட்டன. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்பை ஒட்டியே கள்ளுக்கடை இருக்கும். 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் இரண்டு கவனிக்கத்தக்கவை. ஒன்று, பிள்ளைகளுக்கு முறையான கல்வி. மற்றொன்று, கள்ளுக்கடைகளை மூடுவது. தொழிலாளியின் ஊரில் பள்ளி வேண்டும், கள்ளுக்கடை கூடாது என்று அந்தத் தொழிலாளர்களே எழுதிக் கொடுத்தார்கள்.

கடையில்லாமல் பிறந்த நகரம்

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பரில் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1962இல் மின் உற்பத்தி தொடங்கியது. நிலம் கொடுத்த ஊர்கள் மறைந்து, முப்பதுக்கும் மேற்பட்ட வட்டங்களாகக் கோடு போட்டு நகரியம் எழுந்தது. அகலத் தெருக்கள், தொழிலாளர் வீடுகள், பள்ளிகள், விளையாட்டுத் திடல், மருத்துவமனை, அங்காடி என்று நிறுவனமே கட்டி நிறுவனமே நடத்தியது.

அந்த வரைபடத்தில் கள்ளுக்கடைக்கு இடம் இருந்திருக்க முடியாது. 1948 முதல் 1971 வரை சட்டப்படி ஒரு பொதுக் கடைகூட மாநிலத்தில் இல்லை. குடிப்பதே குற்றம். சுரங்க நகரம் என்றால் சாராயக்கடை என்பது உலகெங்கும் இணைபிரியாத சேர்க்கை. இங்கிலாந்தின் நிலக்கரி ஊர்களிலும் ஜார்க்கண்ட், வங்கச் சுரங்கப் பகுதிகளிலும் அதுதான் நடந்தது. நெய்வேலி இதற்கு விலக்காக அமைந்ததற்கு நிறுவனத்தின் ஒழுக்க உணர்வு காரணமா, நாட்காட்டி காரணமா என்றால், நாட்காட்டி என்றே சொல்ல வேண்டும். 1958இல் நகரியத்தில் பிறந்த ஒரு குழந்தை பதின்மூன்று வயது வரை தன் மாவட்டத்தில் உரிமம் பெற்ற மதுக்கடை எதையும் கண்டிருக்காது. ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் பள்ளி, எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் கடை இல்லை.

இந்தப் படத்தில் ஓட்டைகளும் உண்டு. வடக்கே சில மணி நேரப் பயணத்தில் புதுச்சேரி. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்த ஊர் மதுவிலக்குக்குள் வரவே இல்லை. கடலூர் எல்லை வழியாகப் புட்டிகள் வந்தன. கள்ளச்சாராயமும் இருந்தது. மின் நிலையத்தைச் சோவியத் உதவியோடும் சுரங்கத்தை மேற்கு ஜெர்மனியின் இயந்திரங்களோடும் அமைத்த காலம் அது. வெளிநாட்டவருக்கு மது அனுமதிச்சீட்டு வழங்க மதுவிலக்குச் சட்டத்திலேயே இடமிருந்தது. ஆக மது முற்றிலும் மறைந்துவிடவில்லை. மறைந்தது கடை. குழந்தையின் கண்ணில் படும் பொருள் என்ற அளவில் இந்த வேறுபாடு பெரிது.

1971: ‘ஒரு தலைமுறை’ என்ற வாதம்

1971 ஆகஸ்டு 30 அன்று கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. முதுமையிலும் ராஜாஜி முதல்வரை நேரில் சந்தித்து வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மதுவின் வாசனையே அறியாமல் ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது, அதைக் கெடுக்கலாமா என்பது எதிர்த்தவர்களின் முதன்மை வாதம். நிதி நெருக்கடி அரசின் பதிலாக இருந்தது. சுற்றிலும் மதுவிலக்கில்லாத மாநிலங்கள் இருக்கும்போது, நெருப்பு வளையத்துக்குள் கற்பூரம் எத்தனை நாள் இருக்கும் என்ற கருணாநிதியின் உவமை இன்றும் நினைவுகூரப்படுகிறது.

இரு தரப்பிலும் உண்மை இருந்தது. ஆனால் தலைமுறை வாதம் பேசியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. மதுவை அறியாத தலைமுறைக்கு மதுவோடு பழகும் முறையும் தெரியாது. குடும்பத்தின் முன்னால் அளவோடு அருந்துவது என்ற வழக்கம் இருபத்து மூன்று ஆண்டுகளில் எங்கும் உருவாகியிருக்கவில்லை. கடை திறந்தபோது, ஒளித்துக் குடித்த பழக்கம் அப்படியே கடைக்குள் வந்து அமர்ந்தது.

1974இல் கடைகள் மீண்டும் மூடப்பட்டன. 1981 மே மாதத்தில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திறந்தன. 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டம் தொடங்கியது. தந்தையிடம் வாங்கும் பணத்தில் பிள்ளைக்குச் சோறு என்று எதிர்ப்பாளர்கள் அப்போதே பேசினர். சத்துணவுக்கென்று தனியே மது வருவாய் ஒதுக்கப்படவில்லை. இருந்தாலும் இரண்டும் ஒரே கருவூலத்தில்தான் கலந்தன. அந்தப் பேச்சு இன்றுவரை ஓயாததற்கு அதுவே காரணம்.

மீட்டர்க் கணக்கு

1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஏலதாரர் போனார், அரசு ஊழியர் கல்லாவில் அமர்ந்தார். அதே ஆண்டின் விதிகள் இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்றன. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டிடம், கல்வி நிலையம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள்ளும், பிற பகுதிகளில் 100 மீட்டருக்குள்ளும் கடை வைக்கக் கூடாது என்றன. நகரமைப்புத் துறை வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று குறித்த இடங்களுக்கு இந்தத் தொலைவு பொருந்தாது என்ற விலக்கும் உடன் வந்தது. தொழிற்சாலை ஊர்களில் பிள்ளைகளும் வாழ்கிறார்கள் என்பது அந்த விலக்கை எழுதியவரின் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.

நூறு மீட்டர் என்பது ஒரு குழந்தை இரண்டு நிமிடத்தில் நடந்துவிடும் தூரம். பள்ளியின் கதவிலிருந்து அளக்கலாம். பள்ளிக்குப் போகும் வழியை அப்படி அளக்க முடியாது. பேருந்து நிறுத்தம், கடைத்தெரு, தனிப்பயிற்சி வகுப்பு இவை விதியில் இல்லை.

கடையோடு இணைந்த ‘பார்’ தனி ஏற்பாடு. தின்பண்டம் விற்கவும் காலிப் புட்டி சேகரிக்கவும் தனியாருக்கு ஒப்பந்தத்தில் விடப்படும் கூரைக்கொட்டகை அது. பிளாஸ்டிக் தம்ளர், தண்ணீர்ப் பை, சுண்டல், அவித்த முட்டை, நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போகும் அவசரம். குடும்பம் உட்கார முடியாதபடி அது அமைந்திருப்பது தற்செயல் அல்ல. மதிப்பிழந்த இடமாக இருந்தால்தான் மற்றவர்கள் வர மாட்டார்கள் என்ற எண்ணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது.

எனினும் சிறார் அங்கே வரவே இல்லை என்று சொல்ல முடியாது. மேசை துடைப்பவராக, தம்ளர் எடுப்பவராக, காலிப் புட்டி பொறுக்குபவராக வந்தார்கள். உணவகங்களிலும் தாபாக்களிலும் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்க 2006 அக்டோபரில்தான் தடை வந்தது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இன்னும் கடுமையாயிற்று. பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு மது கொடுத்தாலும், அவரைக் கொண்டு மது விற்றாலும் கடத்தினாலும் ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் விலக்கு. மது விற்கும் இடங்களில் இதை எழுதி வைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. வேடிக்கைக்காகப் பிள்ளையின் வாயில் ஒரு சொட்டு விடும் உறவினரும் இந்தச் சட்டத்தின் முன் குற்றவாளியே. அது அவர்களில் பலருக்குத் தெரியாது.

நெடுஞ்சாலையிலிருந்து தெருவுக்கு

2015 ஜூலை 31 அன்று, குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் அருகிலிருந்த மதுக்கடையை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். மாநிலம் முழுக்கப் போராட்டம் பரவியது. அடுத்த ஆண்டு மே மாதம் ஜெயலலிதா அரசு 500 கடைகளை மூடி, காலை பத்து மணிக்குத் திறந்த கடைகளை நண்பகல் பன்னிரண்டுக்குத் திறக்கச் செய்தது. பள்ளிக்குச் செல்லும் காலை நேரம் இதனால் தப்பியது. திரும்பும் மாலை நேரம் தப்பவில்லை.

பிறகு வந்தது எதிர்பாராத திருப்பம். பாட்டாளி மக்கள் கட்சியின் வழக்கறிஞர் க. பாலு தொடுத்த வழக்கில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. இருபதாயிரம் பேருக்கு மேற்படாத ஊர்களுக்கு அது பின்னர் 220 மீட்டராகக் குறைந்தது. தீர்ப்பின் அக்கறை சாலை விபத்துகள். விளைவோ வேறொரு பக்கம் விழுந்தது. 2017 ஏப்ரலில் மாநிலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. அவற்றுக்கு மாற்றிடம் தேடியபோது கிடைத்தவை ஊருக்குள்ளிருந்த தெருக்களும் வயலோரங்களும்.

நெய்வேலி வட்டாரத்தின் நிலவியல் இதை எளிதில் விளக்கும். விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை நகரியத்தின் ஆர்ச் கேட்டைத் தொட்டு வடலூர் செல்கிறது. மந்தாரக்குப்பத்தின் கடைத்தெரு கடலூர்–விருத்தாசலம் சாலையை ஒட்டியது. இத்தகைய ஊர்களில் வணிகம் முழுதும் சாலையோரத்தில். சாலையிலிருந்து அரைக் கிலோமீட்டர் உள்ளே போனால் வருவது வீடுகளும் பள்ளிகளும்தான். லாரி ஓட்டுநரிடமிருந்து விலக்கிய கடை பிள்ளைகளின் பக்கம் நகர்ந்தது. அந்த ஆண்டு மாநிலமெங்கும் கடைகளை மறித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியல் செய்த பெண்ணைக் காவல்துறை அதிகாரி அறைந்த காட்சி நாடெங்கும் பரவியது. பள்ளிப் பிள்ளைகளும் பதாகையோடு நின்றார்கள். 1921இல் ஈரோட்டில் வாசலில் நின்ற பெண்களோடு இப்போது குழந்தைகளும் சேர்ந்துகொண்டனர்.

கல்யாண மண்டபம்

தமிழ்நாட்டில் ‘மது இருக்கும் இடத்தில் குழந்தை இருக்கலாமா’ என்ற கேள்வி நேரடியாக எழுந்தது 2023இல். விளையாட்டு நிகழ்ச்சி, மாநாட்டு அரங்கு, திருமண மண்டபம் ஆகியவற்றில் சிறப்பு உரிமத்தோடு மது பரிமாற வழிசெய்யும் விதித்திருத்தம் அந்த ஏப்ரலில் வெளியே தெரியவந்தது. எதிர்ப்பு உடனே எழுந்தது. திருமண மண்டபங்களுக்கு அனுமதி இல்லை என்று ஓரிரு நாளில் அரசு பின்வாங்கியது.

இந்தப் பின்வாங்கலில் ஒரு வகுப்பு வேறுபாடும் ஒளிந்திருக்கிறது. நட்சத்திர விடுதிகளிலும் உறுப்பினர் மன்றங்களிலும் மது பரிமாறப்படுவது நெடுநாளைய வழக்கம். அங்கே நடக்கும் விருந்துகளுக்குக் குடும்பத்தோடு போவோரும் உண்டு. அதை யாரும் மறிப்பதில்லை. மண்டபம் எல்லோருக்கும் பொதுவான இடம். பாட்டியும் பேரனும் ஒரே பந்தியில் உட்காரும் இடம். அங்கே புட்டி வந்தால் வீட்டுக்கும் கடைக்கும் நடுவே எழுபது ஆண்டுகளாகக் காத்த இடைவெளி போய்விடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் மண்டபத்தின் பின்புறம் நிற்கும் வண்டிகளில் அந்த இடைவெளி எப்போதோ போய்விட்டது என்பதும் கல்யாணத்துக்குப் போனவர்கள் அறிந்ததே.

இடைவெளியை நம்பும் இந்த முறையின் குறை, அது கடையை மட்டும் அளக்கிறது என்பது. வள்ளலாரின் நினைவு நாளாகத் தைப்பூசத்தன்று மாநிலமெங்கும் கடைகள் மூடியிருக்கும். நெய்வேலியை அடுத்த வடலூரில் லட்சக்கணக்கானோர் கூடும் நாள் அது. முந்திய நாள் மாலை கடைகளில் வரிசை நீளும், வாங்கிய புட்டி வீட்டு அலமாரிக்குப் போகும். எல்லைக்கு அப்பால் புதுச்சேரியில் வாங்கும் வயதோ இருபத்தொன்று அல்ல, பதினெட்டு.

2024 ஜூனில், பழைய தென்னார்க்காட்டின் மற்றொரு பகுதியான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சில வீடுகளில் தாய், தந்தை இருவருமே போயினர். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 5,000 ரூபாயும், ஒவ்வொருவர் பெயரிலும் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், கல்விச் செலவும் அரசு அறிவித்தது. கருணாபுரம் குடியிருப்பில் அந்தச் சாராயம் பொட்டலமாக விற்கப்பட்டது. அதற்குக் கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை, பள்ளியிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளக்க இடமும் இல்லை.